இன்சூரன்ஸ் கம்பெனி மாறும்போது பாதியில் இருக்கும் சிகிச்சை என்ன ஆகும்?

எங்கள் ஆபீசின் குரூப் ஹெல்த் இன்சூரன்ஸ் வேறு கம்பெனிக்கு மாறியதை எச்.ஆர். பிரிவினர் ஒரு மெயிலில் தெரிவித்தார்கள். "பலன்களில் எந்த மாற்றமும் இல்லை. புதிய கார்டுகள் விரைவில் வந்துசேரும்." அவ்வளவுதான் விஷயம். எப்போதாவது காய்ச்சல், சளிக்கு டாக்டரைப் பார்ப்பவர்களுக்கு இது போதும். கார்டில் எந்தக் கம்பெனியின் பெயர் இருந்தால் அவர்களுக்கு என்ன? எனக்குத்தான் போதவில்லை.

எனக்கு முடக்குவாதம், அதாவது மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியின் டே கேர் வார்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் ட்ரிப் வழியாக இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்தை ஏற்றிக்கொள்கிறேன். விலை கூடிய மருந்து. அதனால் இன்சூரன்ஸ் கம்பெனி முன் அனுமதி தந்த பிறகுதான் ஆஸ்பத்திரியின் மருந்தகத்திலிருந்து குப்பி வெளியே வரும். மருந்து நேரத்துக்கு ஏறினால் கணக்குப் பிரிவில் நாள் முழுக்க உட்கார்ந்து தட்டச்சு செய்கிறேன். தள்ளிப்போனால் காலையில் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகக்கூட விரல் மடங்காது.

"பலன்களில் மாற்றமில்லை" என்று எச்.ஆர். எழுதியது பொய்யில்லை. பழைய பாலிசியில் இருந்த காப்பீட்டுத் தொகை, அறை வாடகை வரம்பு, டே கேர் சிகிச்சைக்கான விதி எல்லாமே புதிய பாலிசியிலும் அப்படியே இருந்தன. ஆனால் அந்தப் பட்டியலுக்கு வெளியே ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே தொடங்கி நடந்துகொண்டிருக்கும் சிகிச்சை. அதைப் பற்றிப் பட்டியலில் ஒரு கட்டம்கூட இல்லை. இந்தப் பதிவை எழுதுவதே அதற்காகத்தான்.

குரூப் பாலிசி என்பது பெரும்பாலும் ஒரு வருஷ ஒப்பந்தம். கையெழுத்துப் போடுவது நம்மை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனமும் இன்சூரன்ஸ் கம்பெனியும். நாம் அதில் உறுப்பினர்கள் மட்டும். ஒப்பந்தம் முடியும் நாளின் நள்ளிரவோடு அதைப் பிடித்துக்கொண்டு நின்ற எல்லாமே முடிந்துவிடுகிறது: உறுப்பினர் எண், கொடுத்து வைத்த முன் அனுமதிகள், கிளெய்ம் வரலாறு. புதிய கம்பெனிக்கு நம் நிறுவனம் அனுப்புவது ஓர் எக்செல் பட்டியல். பெயர், பிறந்த தேதி, பாலினம், குடும்பத்தினர் யார் யார், எவ்வளவு தொகைக்குக் காப்பீடு. எனக்கு என்ன நோய், எந்த மாத்திரை கேட்காமல் எந்த ஊசிக்கு மாறினேன் என்பதெல்லாம் அதில் இருக்காது. இருக்கவும் கூடாது; அது என் முதலாளியிடம் இருக்க வேண்டிய தகவலே இல்லை. ஆனால் அதன் விளைவு, பழைய கம்பெனிக்கு முழுசாகத் தெரிந்த நோயாளியான நான் புதிய கம்பெனிக்கு வெறும் பெயரும் வயதும்தான்.

அடுத்த தவணை நாள், பாலிசி மாறிய கொஞ்ச நாளிலேயே வந்தது. ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பையன் நல்லவன். கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மேடம், பழைய அப்ரூவல் இருக்கு. ஆனா பாலிசி முடிஞ்சுடுச்சுன்னு காட்டுது. புதுசா ரிக்வெஸ்ட் போட்டாத்தான் நடக்கும்."

போட்டோம். புதிய கம்பெனி கேட்டவற்றைச் சொல்கிறேன், இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும். நோயை முதலில் கண்டுபிடித்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கைகள். மெத்தோட்ரெக்ஸேட் போன்ற விலை குறைந்த மாத்திரைகளை முதலில் கொடுத்துப் பார்த்தார்களா, எத்தனை மாதம், ஏன் போதவில்லை என்பதற்கான டாக்டர் குறிப்பு. இன்ஃப்ளிக்ஸிமாப் தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை செய்ததற்கான ரிப்போர்ட். உடலில் மறைந்திருக்கும் காசநோயை இந்த மருந்து கிளப்பிவிடக்கூடும் என்பதால் அந்தச் சோதனை கட்டாயம். அப்புறம் என் எடை, அதை வைத்துத்தான் அளவு கணக்கிடுவார்கள். இதெல்லாம் நியாயமான கேள்விகள்தான், மருந்து தொடங்கும் ஒருவரிடம் கேட்டால். நான் தொடங்கி வருஷங்கள் ஆகிவிட்டன. மாத்திரைகளோடு போராடிய காலத்துக் காகிதங்கள் ஒரு பழைய டாக்டரிடமும், பழைய கம்பெனியின் ஃபைலிலும் கிடந்தன.

இந்த இடத்தில் மருத்துவ ரீதியாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அனுமதி கொடுக்கும் மேசையில் இருப்பவர்களுக்கு இது தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். இன்ஃப்ளிக்ஸிமாப் முதலில் 0, 2, 6 ஆகிய வாரங்களிலும் பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறையும் தரப்படுகிறது. நடுவில் நீண்ட இடைவெளி விழுந்தால், உடல் அந்த மருந்துக்கு எதிரான ஆன்டிபாடிகளை உருவாக்கிக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. அப்படி ஆனால் மீண்டும் தொடங்கும்போது மருந்து வேலை செய்யாமல் போகலாம், ட்ரிப் ஏறும்போதே ஒவ்வாமையும் வரலாம். அதாவது, தள்ளிப்போன அனுமதி பிறகு கிடைத்தாலும், பழைய பலன் பழையபடி கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மருந்தையே ஒரு நோயாளி இழந்துவிடலாம். ஒரு ஃபார்ம் சரிபார்க்க ஆகும் காலதாமதத்தின் உண்மையான விலை இதுதான்.

என் டாக்டர் இதை அப்படியே ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்தார். "நோயாளி ஏற்கெனவே சிகிச்சையில் இருக்கிறார், புதிதாகத் தொடங்கவில்லை, இடைவெளி தீங்கு விளைவிக்கும், அவசரப் பரிசீலனை தேவை" என்று தெளிவாக எழுதியிருந்தார். அந்தக் கடிதம் போன பிறகுதான் ஃபைல் சாதாரண வரிசையிலிருந்து அவசர வரிசைக்கு மாறியது. அதற்குள் தவணை தள்ளித்தான் போயிருந்தது. அந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. சட்டைப் பட்டனை இன்னொருவர் போட்டுவிட வேண்டியிருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

அனுமதி வந்தபோது இன்னொரு நிபந்தனையும் கூடவே வந்தது. இதுவரை ஏற்றிக்கொண்ட பிராண்டுக்குப் பதில், அதன் பயோசிமிலர். மூல மருந்தின் காப்புரிமைக் காலத்துக்குப் பிறகு, அதற்கு இணையானது என்று சோதித்து உறுதிசெய்த பிற தயாரிப்புகளைத்தான் பயோசிமிலர் என்கிறோம். இன்ஃப்ளிக்ஸிமாபுக்கு முதல் பயோசிமிலரை ஐரோப்பா 2013இல் அனுமதித்தது, அமெரிக்கா 2016இல். நோயாளிகள் குழுக்களில் இதைக் கண்டு பயப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நார்வே அரசின் செலவில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், மூல மருந்திலிருந்து பயோசிமிலருக்கு மாறியவர்களின் நிலை, மாறாதவர்களைவிட மோசமாகவில்லை என்று வந்தது. என் டாக்டரும் அதையே சொன்னார். எனக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆகவே, பிராண்டு மாறியதற்கு நான் சண்டை போடவில்லை, போடச் சொல்லவும் மாட்டேன். எந்த நோயாளியும் தன் சக்தியைச் செலவிட வேண்டியது இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்வதில்தான்.

என் கதை ஒன்று. அதே மாற்றத்தில் மற்றவர்களுக்கு வேறு வேறு இடங்களில் இடித்தது. எங்கள் தளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு அப்போது ஏழாம் மாதம். "அக்கா, புதுப் பாலிசியில டெலிவரிக்கு வெயிட்டிங் பீரியட் இருக்குமா?" என்று என்னிடம் வந்து கேட்டாள். நல்ல கேள்வி. தனிநபர் பாலிசிகளில் பிரசவத்துக்கு நீண்ட காத்திருப்புக் காலம், அதாவது அது முடியும்வரை கம்பெனி பணம் தராத காலம், வைப்பது வழக்கம். குரூப் பாலிசிகளில் பெரும்பாலும் அதைத் தள்ளுபடி செய்திருப்பார்கள். ஆனால் அந்தத் தள்ளுபடி தானாக வருவதில்லை. ஒப்பந்தத்தில் தனி ஷரத்தாக எழுதி, அதற்கான பிரீமியமும் கட்டினால்தான் உண்டு. பழைய பாலிசியில் இருந்தது என்பதற்காகப் புதியதிலும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எச்.ஆரிடம் ஷரத்தின் நகலையே கேட்கச் சொன்னேன். கேட்டாள், இருந்தது, நிம்மதியானாள். ஆனால் அவளுடைய டாக்டர் பார்க்கும் ஆஸ்பத்திரி புதிய கம்பெனியின் நெட்வொர்க்கில், அதாவது கம்பெனியே நேரடியாகப் பணம் கட்டும் ஆஸ்பத்திரிகளின் பட்டியலில், இல்லை. ஏழாம் மாதத்தில் டாக்டரை மாற்றச் சொல்வதா? அவள் மாற்றவில்லை. கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு கிளெய்ம் செய்துகொண்டாள். எல்லாராலும் அப்படிக் கட்ட முடியாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

இன்னொரு சிக்கல், பாலிசி மாறும் நாளில் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருடையது. பழைய பாலிசி முடிவதற்கு முன் அட்மிட் ஆகி, புதிய பாலிசி தொடங்கிய பிறகு டிஸ்சார்ஜ் ஆனால் யார் பணம் தருவது? பல ஒப்பந்தங்களில் அட்மிட் ஆன தேதிதான் கணக்கு, முழு பில்லும் பழைய கம்பெனியுடையது. சிலவற்றில் நாட்களைப் பிரித்துக்கொள்வார்கள். எது என்று இரண்டு கம்பெனிகளும் எழுத்தில் சொல்லாவிட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டிக்கொண்டிருப்பார்கள், நடுவில் நோயாளியின் குடும்பம் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும். சாதாரண சிகிச்சைகளுக்கு விதி எளிது: சிகிச்சை எந்தத் தேதியில் நடந்ததோ, அந்தத் தேதியில் அமலில் இருந்த பாலிசிதான் பொறுப்பு. பில் எப்போது வந்தது என்பது முக்கியமில்லை.

டிடக்டிபிள் உள்ள பாலிசிகளில், அதாவது ஒரு குறிப்பிட்ட தொகை வரை வருஷா வருஷம் நாமே கட்டிய பிறகுதான் கம்பெனி தரத் தொடங்கும் வகையில், வருஷ நடுவில் மாறினால் இன்னொரு அடி விழும். பழைய கம்பெனியில் கட்டி முடித்த தொகை புதிய கம்பெனியில் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கலாம். ஏற்கெனவே கட்டியதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்லி நிறுவனம் பேரம் பேசலாம். ஒப்புக்கொள்ளும் கம்பெனிகள் உண்டு. பழைய கம்பெனியிடமிருந்து அதுவரை கட்டியதற்கான அறிக்கையை வாங்கிக் கொடுக்க வேண்டும், அவ்வளவே.

முன்பே இருந்த நோய்க்குப் புதிய பாலிசி பணம் தராதோ என்ற பயம்தான் எல்லாருக்கும் முதலில் வருகிறது. இது அவரவர் நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டம், குரூப் காப்பீட்டில் முன்பே இருந்த நோயை விலக்கிவைக்கும் காலத்துக்கு வரம்பு போட்டது. நடுவில் 63 நாள் இடைவெளி விழாமல் இருந்தால் பழைய காப்பீட்டுக் காலத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வைத்தது. 2014 முதல் அங்கே அப்படி விலக்குவதே கூடாது. 2022இல் அமலுக்கு வந்த இன்னொரு சட்டம், தீவிர நோய்க்கான சிகிச்சையில் இருப்பவர், கர்ப்பிணி, அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தவர் போன்றோர், இன்சூரன்ஸ் ஒப்பந்தம் முறிந்ததால் தங்கள் டாக்டரை இழக்க நேர்ந்தால், 90 நாள் வரை பழைய நிபந்தனைகளோடு அவரிடமே தொடர வழிசெய்கிறது. இந்தியாவில் முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலத்தின் உச்ச வரம்பை ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தது. குரூப் பாலிசிகளில் அதையும் தள்ளுபடி செய்து வாங்கும் நிறுவனங்கள் நிறைய. பிரிட்டனில் தனியார் குரூப் காப்பீடு கைமாறும்போது, மருத்துவ வரலாற்றையே பார்க்காமல் எடுத்துக்கொள்வது, அல்லது பழைய கம்பெனி வைத்த விலக்குகளை மட்டும் அப்படியே தொடர்வது என்று இரண்டு முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. எந்த நாடாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் ஏற்கெனவே காத்து முடித்த காலம் புதிய பாலிசியில் கணக்கில் வருமா?

நிறுவனங்கள் ஏன் கம்பெனியை மாற்றுகின்றன என்பதையும் கொஞ்சம் பேச வேண்டும். பெரும்பாலும் காரணம் பிரீமியம். வசூலித்த பிரீமியத்தோடு ஒப்பிட்டால் கிளெய்ம் எவ்வளவு போனது என்ற விகிதத்தைப் பார்த்துத்தான் அடுத்த வருஷ விலை. அந்த விகிதம் ஏறினால் பழைய கம்பெனி விலையை ஏற்றும், நிறுவனத்தின் புரோக்கர் வேறு கம்பெனிகளிடம் விலை கேட்பார், குறைவாகச் சொன்னவரிடம் போவார்கள். இந்தக் கணக்கு தெரிந்ததும் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு குற்ற உணர்வு வரும். நம் மருந்தால்தான் எல்லாருக்கும் பிரீமியம் ஏறியதோ என்று. மீட்டிங்கில் யாராவது "கிளெய்ம் அதிகமாயிடுச்சு" என்று சொல்லும்போது தலை குனிந்துகொள்வோம். தயவுசெய்து குனியாதீர்கள். யாருக்கு எப்போது நோய் வரும் என்று தெரியாததால்தான் எல்லாரும் சேர்ந்து பணம் போடுகிறோம். நான் வாங்கிக்கொள்வது அந்த ஏற்பாட்டின் நோக்கம், அதன் துஷ்பிரயோகம் இல்லை. எனக்கு நோய் வருவதற்கு முன் நானும் பல வருஷம் எதுவும் வாங்காமல் அந்தக் குழுவில் இருந்தவள்தான்.

என் கோபம் நிறுவனம் மாற்றியதில் இல்லை. மாற்றலாம், அது அவர்கள் உரிமை. விலை, வரம்பு, நெட்வொர்க் என்று பேசிய அந்த மாதங்களில், சிகிச்சையில் இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களை எப்படி அக்கரை சேர்ப்பது என்ற கேள்வியை யாரும் மேசையில் வைக்கவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் நிறுவனத்தின் கை ஓங்கியிருக்கும்; புதிய கம்பெனி எதற்கும் தலையாட்டும் நேரம் அது. "பழைய கம்பெனி கொடுத்த முன் அனுமதிகளை முதல் 90 நாள் நீங்களும் ஏற்க வேண்டும்" என்று ஒரு வரியை அப்போது எழுத வைப்பது சுலபம். கையெழுத்து ஆன பிறகு அதே வரிக்காக ஒவ்வொரு நோயாளியும் தனித்தனியாக, வலியோடு, போனில் காத்துக்கிடக்க வேண்டியிருக்கிறது.

இதை நான் எச்.ஆர். தலைவரிடம் நேரில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "யாருக்கு என்ன நோய்னு நாங்க கேட்க முடியாதே?" என்றார். சரியான கேள்வி. அதற்கும் வழி இருக்கிறது. நிறுவனம் கேட்க வேண்டாம். பாலிசி மாறும் முன்பே புதிய கம்பெனி ஒரு தனி எண்ணும் மெயில் முகவரியும் கொடுக்கட்டும். தொடர் சிகிச்சையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியவர்கள் நேரடியாக அங்கே தங்கள் காகிதங்களை அனுப்பட்டும். நிறுவனம் செய்ய வேண்டியது, அந்த முகவரியை எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிவிப்பது. அவர் குறித்துக்கொண்டார். அடுத்த புதுப்பித்தல் பேச்சின்போது புரோக்கருக்கு அனுப்பும் நிபந்தனைகளில் இதையும் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் ஆபீசிலும் இப்படி மெயில் வந்தால், முதலில் மாறுவது இன்சூரன்ஸ் கம்பெனியா, அல்லது கிளெய்மைக் கையாளும் நிர்வாக நிறுவனம் மட்டுமா என்று கேளுங்கள். பெரிய நிறுவனங்கள் சில, ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்றுக்கொண்டு நிர்வாகத்தை மட்டும் வெளியே கொடுத்திருக்கும். அப்படியானால் விதிகள் பெரும்பாலும் மாறாது, நெட்வொர்க்கையும் கார்டையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கம்பெனியே மாறுகிறது என்றால், மாறும் தேதிக்கு முன்பே டாக்டரிடம் தொடர் சிகிச்சைக் கடிதம் வாங்கிவிடுங்கள். முடிந்தால் ஒரு தவணையைப் பழைய பாலிசியிலேயே முடித்துக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள்; மருத்துவ ரீதியாகச் சில நாள் முன்னே பின்னே போவதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். தினசரி மாத்திரை சாப்பிடுபவர்கள் கைவசம் கொஞ்சம் கூடுதலாக இருப்பு வைத்துக்கொள்ளலாம்.

பழைய கம்பெனியின் போர்ட்டலை உடனே திறந்து எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாலிசி முடிந்து சில காலத்தில் லாகின் வேலை செய்யாமல் போய்விடும். அனுமதிக் கடிதங்கள், கிளெய்ம் பட்டியல், கொடுத்த தொகைகள், டிஸ்சார்ஜ் சம்மரி, நிராகரித்திருந்தால் அதற்கான காரணம் எல்லாம் வேண்டும். இன்னும் அனுப்பாத பில்கள் இருந்தால் பழைய கம்பெனிக்கு அனுப்பக் கடைசித் தேதி ஒன்று இருக்கும், அதை எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தத் தேதி தாண்டிய பில்லைப் பழைய கம்பெனி மறுத்துவிடும். புதிய கம்பெனியும் தன் காலத்துக்கு முந்தையது என்று திருப்பி அனுப்பிவிடும்.